பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வில் கரிம வேதியியல்

பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வு (சுருக்கமாக டிஏடி) என்பது ஐக்கிய அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுத வேண்டிய தகுதித் தேர்வு ஆகும். இதன் இயற்கை அறிவியல் பகுதியில் கரிம வேதியியல் (இலங்கை வழக்கு: சேதன இரசாயனம்) ஒரு தனிப் பாடப்பிரிவாக இடம்பெறுகின்றது. முப்பது வினாக்களே கொண்டதாயினும் இப்பிரிவுக்குத் தனி மதிப்பெண் வழங்கப்படுவதால், விண்ணப்பத்தில் அது தனித்துத் தெரியும். இக்கட்டுரை அப்பிரிவில் என்னென்ன கேட்கப்படுகின்றன, அவற்றுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகின்றது என்பவற்றை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகின்றது.

தேர்வின் அமைப்பு

இத்தேர்வை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்துகின்றது. நாடு தழுவிய அளவில் இது 1950 முதல் நடைபெற்று வருகின்றது. தொடக்க காலத்தில் கைத்திறனை அறியச் சுண்ணக்கட்டியைச் செதுக்கும் சோதனை ஒன்றும் இதில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, வடிவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் புலனறி திறன் தேர்வு அதன் இடத்தைப் பிடித்தது. கரிம வேதியியலுக்கும் இத்திறனுக்கும் தொடர்பு உண்டு என்பது முப்பரிமாண வேதியியலைப் படிக்கும்போது புலப்படும்.

இயற்கை அறிவியல் பகுதியில் உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என மொத்தம் 100 வினாக்கள் உள்ளன. இம்மூன்றுக்கும் சேர்த்து 90 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. அதாவது ஒரு வினாவுக்குச் சராசரியாக 54 வினாடிகள். பிரிவுகளுக்கு இடையே நேரம் தனியாகப் பிரிக்கப்படுவதில்லை. வினாக்கள் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் என்ற வரிசையில் வருவதால், முன்னிரு பிரிவுகளில் நேரத்தைச் செலவழித்து விடுபவர் கரிம வேதியியலை அடையும்போது கையில் மிகக் குறைந்த நிமிடங்களே எஞ்சியிருக்கும். பாடம் தெரிந்தும் மதிப்பெண் இழப்பவர்களில் ஒரு பகுதியினர் இவ்வாறே இழக்கின்றனர். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எவ்வினாவையும் விடையளிக்காமல் விடுவதில் பயன் ஏதுமில்லை.

மதிப்பெண்கள் நீண்ட காலம் 1 முதல் 30 வரையான அளவில் வழங்கப்பட்டு வந்தன. 2025 மார்ச் 1 முதல் இம்முறை மாற்றப்பட்டு, 200 முதல் 600 வரை, பத்துப் பத்தாக உயரும் அளவு பின்பற்றப்படுகின்றது. பழைய நூல்களிலும் பழைய மாணவர்களின் பேச்சிலும் வரும் இருபது, இருபத்திரண்டு போன்ற எண்கள் முந்தைய அளவைக் குறிப்பன. அவற்றைப் புதிய எண்களுடன் நேரடியாக ஒப்பிடலாகாது.

கல்லூரிகள் பெரிதும் கவனிக்கும் கல்விச் சராசரி என்பது கணிதத் திறன், வாசிப்புத் திறன், உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் ஆகிய ஐந்து மதிப்பெண்களின் சராசரி ஆகும். வாசிப்புத் திறனில் 50 வினாக்களும், கணிதத்திலும் உயிரியலிலும் நாற்பது நாற்பது வினாக்களும் உள்ளன. ஐந்துக்கும் சம எடை என்பதால், முப்பது வினாக்களே உள்ள கரிம வேதியியலில் ஒரு வினாவைத் தவறவிடுவது வாசிப்பில் ஒரு வினாவைத் தவறவிடுவதை விடப் பொதுவாகக் கூடுதல் இழப்பைத் தரும். ஆயத்தத்துக்கான நாட்களைப் பங்கிடும்போது பலரும் இதனைக் கவனிப்பதில்லை.

பாடப்பரப்பு

வினைவழிமுறைகள், மூலக்கூறுகளின் பண்புகள் (நிறமாலையியலும் ஆய்வக நுட்பங்களும் இதில் அடங்கும்), முப்பரிமாண வேதியியல், பெயரிடுமுறை, வினைசெயல் தொகுதிகளின் வினைகளும் தொகுப்பு முறைகளும், அமில-கார வேதியியல், அரோமாட்டிக் தன்மையும் பிணைப்பும் ஆகியன பாடப்பரப்பில் அடங்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஓராண்டுக் காலம் நடத்தப்படும் அறிமுகக் கரிம வேதியியல் பாடத்தின் எல்லையை இது பெரிதும் தாண்டுவதில்லை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் (எம்கேட்) உள்ளது போல நீண்ட பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறை இப்பிரிவில் இல்லை. ஒவ்வொரு வினாவும் தனித்து நிற்கும்; ஒரு கட்டமைப்பு, ஒரு வினைப்பொருள், ஒரு விடை என்ற அளவில் அமையும்.

பெரும்பாலான மாணவர் இப்பாடத்தைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் படிக்கின்றனர். தேர்வை அதற்குப் பிந்தைய ஆண்டில் எழுதுகின்றனர். இடைப்பட்ட மாதங்களில் வினைகளின் பெயர் நினைவில் நின்று, அவை ஏன் நிகழ்கின்றன என்பது மறந்து போகின்றது. ஆயத்தத்தின் பெரும்பகுதி உண்மையில் இந்த மறதியைச் சரிசெய்வதே ஆகும்.

வினைவழிமுறைகள்

கரிம வேதியியலை மனப்பாடப் பாடமாகக் கருதுவோர் முதலில் தடுமாறும் இடம் பதிலீட்டு வினைகளும் நீக்க வினைகளும் ஆகும். காரணம் எளிது. ஒரே தொடக்கப் பொருள், சூழலைப் பொறுத்து, வெவ்வேறு விளைபொருட்களைத் தரும்.

2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளலாம். இதில் புரோமின் ஒரு மூவிணைய கார்பனில் உள்ளது. மூன்று கார்பன் தொகுதிகள் சூழ்ந்துள்ளதால் கருக்கவர் பொருள் பின்புறமாக நெருங்க இயலாது. ஆகவே எஸ்என்2 வினைக்கு வழியில்லை. இச்சேர்மத்தைச் சோடியம் எத்தாக்சைடுடன் எத்தனாலில் சூடாக்கினால், வலிமையான காரம் அருகிலுள்ள ஐதரசனை நீக்கி இ2 வினையை நிகழ்த்தும். கூடுதல் பதிலீடு பெற்ற ஆல்கீனான 2-மெத்தில்-2-பியூட்டீன் முதன்மை விளைபொருளாகும் (சேட்செவ் விதி). எத்தாக்சைடுக்குப் பதிலாகப் பருத்த மூவிணைய பியூட்டாக்சைடைப் பயன்படுத்தினால், அது உட்புற ஐதரசனை எளிதில் அடைய முடியாமல் ஓரத்து மெத்தில் தொகுதியிலிருந்து ஐதரசனை எடுக்கும். 2-மெத்தில்-1-பியூட்டீன் முதன்மை பெறும். காரம் எதுவும் சேர்க்காமல் மெத்தனாலில் கரைத்து வைத்தாலோ, புரோமைடு தானாக வெளியேறிக் கார்பன் நேரயனி உருவாகி, எஸ்என்1 வழியாக 2-மெத்தாக்சி-2-மெத்தில்பியூட்டேன் பெருமளவில் கிடைக்கும். ஆக ஒரே சேர்மத்துக்கு மூன்று விடைகள். வினாவில் கொடுக்கப்பட்ட காரத்தையும் கரைப்பானையும் பார்க்காமல் விடையைத் தேடுபவருக்கு மூன்றுமே சரியானவை போலத் தோன்றும். தேர்வாளர் அம்மூன்றையும் விடைத் தெரிவுகளில் வைத்திருக்கவும் கூடும்.

இதற்கு எதிர்முனையில் 1-புரோமோபியூட்டேன் உள்ளது. ஓரிணைய கார்பன், நல்ல கருக்கவர் பொருளான சயனைடு, டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற புரோட்டான் வழங்காத முனைவுள்ள கரைப்பான் ஆகிய மூன்றும் சேரும்போது எஸ்என்2 வினை தடையின்றி நிகழும். இங்கு வேதியியலை விட எண்ணிக்கையே பலரை வீழ்த்துகின்றது. சயனைடு தன்னுடன் ஒரு கார்பனைக் கொண்டு வருவதால் விளைபொருள் பென்டேன்நைட்ரைல் ஆகும், பியூட்டேன்நைட்ரைல் அன்று.

கரைப்பானின் பங்கு தனியே குறிப்பிடத் தக்கது. நீர், ஆல்ககால் போன்ற புரோட்டான் வழங்கும் கரைப்பான்களில் புளோரைடு அயனி கரைப்பான் மூலக்கூறுகளால் இறுகச் சூழப்பட்டு வலுவிழந்து நிற்கும். அயோடைடு வலிமையான கருக்கவர் பொருளாக இயங்கும். புரோட்டான் வழங்காத கரைப்பான்களில் இந்த வரிசை தலைகீழாகும்.

சேர்ப்பு வினைகளிலும் வழிமுறையே விடையைத் தீர்மானிக்கின்றது. 3,3-டைமெத்தில்-1-பியூட்டீன் என்ற ஆல்கீனுடன் நீரைச் சேர்க்க மூன்று வழிகள் பாடத்தில் உள்ளன. அமில ஊடகத்தில் நீரைச் சேர்த்தால் முதலில் ஈரிணையக் கார்பன் நேரயனி உருவாகும், அருகிலுள்ள மெத்தில் தொகுதி இடம்பெயர்ந்து அதனை நிலைப்புமிக்க மூவிணைய அயனியாக மாற்றும், விளைபொருள் 2,3-டைமெத்தில்-2-பியூட்டனால். பாதரச அசிட்டேட்டைப் பயன்படுத்தி, பின் சோடியம் போரோஐதரைடால் ஒடுக்கினால், தனித்த நேரயனி உருவாகாததால் இடப்பெயர்ச்சி இல்லை, 3,3-டைமெத்தில்-2-பியூட்டனால் கிடைக்கும். போரேனைச் சேர்த்து ஐதரசன் பெராக்சைடால் ஆக்சிசனேற்றம் செய்தால் ஐதராக்சில் தொகுதி ஓரக் கார்பனில் அமைந்து 3,3-டைமெத்தில்-1-பியூட்டனால் உண்டாகும். மார்கோவ்னிகாவ் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர் இவற்றுள் நடுவில் உள்ளதை மட்டுமே சரியாகச் சொல்வார். இடைநிலைப் பொருள் எது என்று கேட்டுப் பழகியவர் மூன்றையும் சொல்வார்.

அமில-காரத் தன்மை

பாடப்பரப்பில் சிறியதாகத் தோன்றும் இப்பகுதி ஏனைய பகுதிகள் அனைத்துக்கும் அடித்தளமாக உள்ளது. ஒரு புரோட்டானை இழந்த பின் எஞ்சும் எதிரயனி எவ்வளவு நிலைப்புள்ளதோ அவ்வளவுக்கு அமிலம் வலிமையுடையது என்ற ஒரே கருத்திலிருந்து பெரும்பாலான வினாக்களுக்கு விடை கண்டுவிடலாம். தோராயமான சில பிகேஏ மதிப்புகளை நினைவில் வைத்தல் இன்றியமையாதது: கார்பாக்சிலிக் அமிலம் 5, பீனால் 10, நீரும் ஆல்ககாலும் ஏறத்தாழ 16, ஓர ஆல்கைன் 25, அம்மோனியா 38, ஆல்கேன் 50. சமநிலை எப்போதும் வலிமை குறைந்த அமிலத்தின் பக்கமே சாயும். ஆகவே சோடியம் அமைடு ஓர ஆல்கைனிலிருந்து புரோட்டானை நீக்கும். சோடியம் ஐதராக்சைடால் அதனைப் பயனுள்ள அளவில் செய்ய இயலாது.

பாரா-நைட்ரோபீனாலின் பிகேஏ ஏறத்தாழ 7 ஆகும். பீனாலை விட அது ஆயிரம் மடங்குக்கு அண்மித்த வலிமை கொண்டது. எதிர்மின்சுமை உடனிசைவின் மூலம் நைட்ரோ தொகுதியின் ஆக்சிசன் வரை பரவுவதே காரணம். நைட்ரோ தொகுதி மெட்டா இடத்தில் இருந்தால் இவ்வகை உடனிசைவு இல்லை. தூண்டல் விளைவு மட்டுமே செயல்படும். எனவே மெட்டா சேர்மம் பீனாலுக்கும் பாரா சேர்மத்துக்கும் இடைப்பட்ட வலிமையே கொண்டிருக்கும்.

முப்பரிமாண வேதியியல்

தாளில் தட்டையாக வரையப்பட்ட மூலக்கூறை இடவெளியில் கண்டறிவதே இப்பகுதியின் சாரம். டார்டாரிக் அமிலம் இதற்கு வரலாற்றுச் சிறப்புமிக்க எடுத்துக்காட்டு. 1848-இல் லூயி பாஸ்டர் இவ்வமிலத்தின் உப்பு ஒன்றின் படிகங்களை இடுக்கியால் வலம், இடம் எனப் பிரித்தெடுத்து, அவற்றின் கரைசல்கள் ஒளியின் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்புவதைக் காட்டினார். இரு சீர்மையற்ற கார்பன்கள் இருப்பதால் நான்கு மாற்றியங்கள் எதிர்பார்க்கப்படும். ஆனால் மூன்றே உள்ளன. இரு கார்பன்களும் ஒரே நான்கு தொகுதிகளைப் பெற்றிருப்பதால், ஒரு வடிவத்தில் சமச்சீர்த் தளம் அமைந்து அது ஒளி சுழற்றா மீசோ சேர்மமாகி விடுகின்றது. "எத்தனை மாற்றியங்கள்" என்று வினவப்படும்போது சூத்திரத்தில் எண்ணைப் போட்டு நான்கு என்று விடையளிப்பது வழக்கமான பிழை.

இதே கருத்து வினைகளுடன் இணைத்தும் கேட்கப்படுவதுண்டு. புரோமின் ஆல்கீனில் எதிர்ப்புறமாகச் சேரும். ஆகவே சிஸ்-2-பியூட்டீன் 2,3-டைபுரோமோபியூட்டேனின் இரு ஆடி எதிர் வடிவங்களின் சமக் கலவையைத் தரும். டிரான்ஸ்-2-பியூட்டீன் மீசோ வடிவத்தைத் தரும். வரைந்து பார்க்காமல் இதனை ஊகிப்பவர் பெரும்பாலும் தலைகீழாகவே சொல்வார்.

ஆர், எஸ் குறியீடு இடுவதில் ஒரு குறுக்குவழி பயனுள்ளது. முன்னுரிமை மிகக் குறைந்த தொகுதி பார்ப்பவரை நோக்கி இருந்தால், மூலக்கூறைத் திருப்பி வரைய வேண்டியதில்லை. ஏனைய மூன்றின் சுழற்சித் திசையைக் கண்டு விடையை மாற்றிக்கொண்டால் போதும். அதேபோல் எஸ்என்2 வினையில் அமைப்பு தலைகீழாகும் என்பதால் ஆர் எப்போதும் எஸ் ஆகும் என்று கொள்ளலாகாது. புதிய தொகுதி முன்னுரிமை வரிசையை மாற்றிவிட்டால், தலைகீழாதல் நிகழ்ந்த பின்பும் எழுத்து மாறாதிருக்கக் கூடும்.

வளைய எக்சேனின் நாற்காலி வடிவங்களைப் பொறுத்தவரை, பருத்த தொகுதிகள் நடுவரைத் திசையில் அமைவதே நிலைப்புமிக்கது. டிரான்ஸ்-1,2, சிஸ்-1,3, டிரான்ஸ்-1,4 ஆகிய டைமெத்தில் சேர்மங்களில் இரு தொகுதிகளும் நடுவரைத் திசையில் அமைய இயலும்.

நிறமாலையியலும் ஆய்வக நுட்பங்களும்

அகச்சிவப்பு நிறமாலையில் சில எண்களே தேவைப்படுகின்றன. 1700 அளவில் கூரிய வலிய பட்டை கார்பனைல் தொகுதியையும், 3200 முதல் 3600 வரை அகன்ற பட்டை ஆல்ககாலையும், 2250 அருகில் தோன்றும் பட்டை நைட்ரைலையும் காட்டும் (அலகு: செ.மீ.க்கு அலை எண்). அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைக்கு இதைவிடக் கூடுதல் பயிற்சி வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நான்கு கார்பன், எட்டு ஐதரசன், இரண்டு ஆக்சிசன் அணுக்கள் கொண்ட சேர்மம் ஒன்று தரப்படுவதாகக் கொள்க. முதலில் நிறைவுறாமையைக் கணக்கிட வேண்டும். நான்கு கார்பன்களுக்கு நிறைவுற்ற நிலையில் பத்து ஐதரசன்கள் வேண்டும்; இரண்டு குறைவதால் ஓர் இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரு வளையம் உள்ளது. நிறமாலையில் 1.2 அருகே மூன்று ஐதரசன்களுக்குரிய மும்மைக்கோடு, 2.0 அருகே மூன்று ஐதரசன்களுக்குரிய ஒற்றைக்கோடு, 4.1 அருகே இரண்டு ஐதரசன்களுக்குரிய நான்மைக்கோடு உள்ளன. மும்மையும் நான்மையும் சேர்ந்து எத்தில் தொகுதியைக் காட்டுகின்றன. அதன் நான்மைக்கோடு 4.1 வரை தள்ளி நிற்பதால் எத்தில் தொகுதி ஆக்சிசனுடன் நேரடியாக இணைந்துள்ளது. ஆகவே அது எத்தில் அசிட்டேட்டு. ஒற்றைக்கோடு 3.7 அருகிலும் நான்மைக்கோடு 2.3 அருகிலும் இருந்திருந்தால் அதே வாய்பாடுடைய மெத்தில் புரோப்பனோயேட்டு என்றாகும். கோடுகளின் பிளவு இரண்டிலும் ஒன்றே. இடம் மட்டுமே வேறு. பிளவை மட்டும் படித்து இடத்தைப் பார்க்காதவர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

ஆய்வக நுட்பங்களில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்தல் பற்றிய வினாக்கள் அமில-கார அறிவையே சோதிக்கின்றன. பென்சோயிக் அமிலம், பீனால், நாப்தலீன் ஆகிய மூன்றும் ஈதரில் கரைந்துள்ளன எனில், சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலுடன் குலுக்கும்போது பென்சோயிக் அமிலம் மட்டும் உப்பாகி நீர்ப் படலத்துக்கு வரும். அடுத்துச் சோடியம் ஐதராக்சைடுடன் குலுக்கினால் பீனால் வரும். நாப்தலீன் ஈதரிலேயே தங்கும். ஐதராக்சைடை முதலில் சேர்த்தால் அமிலமும் பீனாலும் ஒன்றாக வெளியேறிவிடும் என்பதால் இங்கு வரிசை முக்கியம். மெல்லிய அடுக்கு நிறப்பிரிகையில் சிலிக்கா முனைவுள்ளது. முனைவு மிகுந்த பொருள் அதனுடன் ஒட்டிக்கொண்டு கீழே நிற்கும். ஓர் ஆல்ககால் கீட்டோனாக மாறும் வினையில் புதிய புள்ளி மேலே தோன்றுவது இதனாலேயே.

அரோமாட்டிக் சேர்மங்களும் தொகுப்பும்

ஒரு சேர்மம் அரோமாட்டிக் தன்மையுடையதா என்பதை ஹக்கல் விதி தீர்மானிக்கின்றது: வளையம் தட்டையாகவும் முழுவதும் இணைந்த பிணைப்புடனும் இருந்து, 4n+2 பை எலக்ட்ரான்கள் இருத்தல் வேண்டும். வளைய பென்டாடையீன் ஒரு ஐதரோகார்பனாக இருந்தும் அதன் பிகேஏ ஏறத்தாழ 16 மட்டுமே. புரோட்டானை இழந்ததும் ஆறு பை எலக்ட்ரான்கள் கொண்ட அரோமாட்டிக் எதிரயனி கிடைப்பதே காரணம். பிரிடினில் நைட்ரசனின் தனி இணை எலக்ட்ரான்கள் வளையத்தில் சேர்வதில்லை, பிர்ரோலில் சேர்கின்றன. ஆகையால் பிரிடின் காரமாக இயங்கும், பிர்ரோல் பெரும்பாலும் இயங்காது.

பலபடித் தொகுப்பு வினாக்களில் வினைகளின் வரிசையே சோதிக்கப்படுகின்றது. டொலுவீனிலிருந்து பாரா-நைட்ரோபென்சோயிக் அமிலம் வேண்டுமெனில் முதலில் நைட்ரோ ஏற்றம் செய்து, பாரா சேர்மத்தைப் பிரித்து, பின்னர் பெர்மாங்கனேட்டால் மெத்தில் தொகுதியை ஆக்சிசனேற்ற வேண்டும். மெட்டா சேர்மம் வேண்டுமெனில் ஆக்சிசனேற்றத்தை முதலில் செய்ய வேண்டும். மெத்தில் தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கும், கார்பாக்சில் தொகுதி மெட்டா இடத்துக்கும் வழிகாட்டுவதே இதன் அடிப்படை.

ஆயத்தம் செய்யும் முறை

பரவலாக வழங்கும் முறை, வினைப்பொருள்களை ஒருபுறமும் விளைபொருள்களை மறுபுறமும் எழுதிய அட்டைகளைப் புரட்டிப் பார்ப்பதாகும். சோடியம் போரோஐதரைடு ஆல்டிகைடையும் கீட்டோனையும் ஒடுக்கும், எசுத்தரைப் பொதுவாக ஒடுக்காது. லித்தியம் அலுமினியம் ஐதரைடு அனைத்தையும் ஒடுக்கும். பிசிசி ஓரிணைய ஆல்ககாலை ஆல்டிகைடில் நிறுத்தும், குரோமிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலம் வரை கொண்டு செல்லும். லிண்ட்லர் வினையூக்கி ஆல்கைனைச் சிஸ் ஆல்கீனாக்கும், நீர்ம அம்மோனியாவில் சோடியம் டிரான்ஸ் ஆல்கீனாக்கும். இத்தகைய செய்திகளுக்கு அட்டைகள் ஏற்றவையே. ஆனால் மேற்கண்ட வினைவழிமுறை எடுத்துக்காட்டுகளை அட்டையில் அடக்க முடியாது. ஒரு வெற்றுத் தாளில் தொடக்கப் பொருளை வரைந்து, எலக்ட்ரான்களின் நகர்வை வளைந்த அம்புக்குறிகளால் காட்டி, நூலைப் பாராமல் விளைபொருளை அடைந்து, பின்னர் சரிபார்ப்பதே இதற்குப் பயன்தரும் வழியாகும். மெதுவான வழி என்றாலும், நெடுநாள் நினைவில் நிற்கும்.

பயிற்சித் தேர்வுகளில் மொத்த மதிப்பெண்ணைக் குறித்து வைப்பதை விட, ஒவ்வொரு தவறும் எவ்வகையானது என்று குறித்து வைப்பது கூடுதல் பயனளிக்கும். வினைப்பொருள் தெரியாமல் தவறுவது ஒன்று. தெரிந்தும் கார்பன்களைத் தவறாக எண்ணித் தவறுவது வேறு. நேரம் போதாமல் தவறுவது இன்னொன்று. முதலாவதற்கு மேலும் படிக்க வேண்டும். இரண்டாவதற்குப் படிப்பதால் பயனில்லை, வரையும் பழக்கத்தையே திருத்த வேண்டும். மூன்றாவதற்குக் கரிம வேதியியலைத் தனியாகப் பயிலாமல் நூறு வினாக்களையும் ஒரே அமர்வில், தொண்ணூறு நிமிடத்தில் பயில வேண்டும். முப்பது வினாக்களை மட்டும் நிதானமாகச் செய்து பார்த்து மனநிறைவு அடைந்தவர், உண்மைத் தேர்வில் எழுபது வினாக்களுக்குப் பின் களைத்த நிலையில் அவற்றைச் சந்திக்கும்போது வேறு மாணவராகி விடுகின்றார்.

தேர்வின்போது பெயரிடுமுறை, அரோமாட்டிக் தன்மை, அமில வலிமை ஒப்பீடு போன்ற வினாக்கள் 54 வினாடிகளுக்கு மிகக் குறைவாகவே எடுக்கும். அங்கு மிஞ்சும் நேரம் பலபடித் தொகுப்புக்கும் நிறமாலைக்கும் உதவும். கடினமான வினாவைக் குறியிட்டு விட்டுப் பின்னர் திரும்பி வர இயலும். முழு விடையும் தெரியாதபோதும், கார்பன் எண்ணிக்கை பொருந்தாத தெரிவுகளையும், வினையில் சேராத தொகுதி கொண்ட தெரிவுகளையும் முதலில் நீக்கிவிடலாம்.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்குகின்றது. பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வரும் வரிசையிலேயே ஆராய்ந்து நேர்முகத்துக்கு அழைப்பதால், ஒரு பிரிவில் மதிப்பெண் குறைந்து தேர்வை மீண்டும் எழுத நேர்வது சில வாரத் தாமதத்தோடு முடியாமல் சில வேளைகளில் ஓர் ஆண்டு இழப்பாகவும் அமைந்துவிடுகின்றது.

பல் மருத்துவத்தில் கரிம வேதியியல்

பல்லைச் சீர்செய்பவருக்கு டிரான்ஸ் ஆல்கீன் எதற்கு என்ற குறை மாணவரிடையே பொதுவானது. குறையில் ஓரளவு நியாயம் உண்டு; எந்தப் பல் மருத்துவரும் பணியில் கிரிக்னார்டு வினையைச் செய்வதில்லை. எனினும் பாடத்தின் சில பகுதிகள் மருத்துவ இருக்கைக்கு மிக அருகில் உள்ளன.

ஈறில் ஊசி மூலம் செலுத்தப்படும் லிடோகெய்ன் ஓர் அமைடு. அதற்கு முன் வழங்கிய புரோக்கெய்ன் ஓர் எசுத்தர். எசுத்தர் குருதியிலேயே நொதிகளால் நீராற்பகுக்கப்படுகின்றது. அமைடு கல்லீரலில் சிதைக்கப்படுகின்றது. லிடோகெய்னின் பிகேஏ ஏறத்தாழ 7.9. உடலின் இயல்பான 7.4 பிஎச் அளவில் அதன் மூலக்கூறுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மின்சுமையற்ற வடிவில் இருக்கும். அவ்வடிவமே நரம்பின் சவ்வைக் கடக்க வல்லது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை மிகுந்து பிஎச் 6.4 ஆகக் குறைந்தால், அப்பங்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடாகச் சுருங்கும். வீங்கிய ஈறில் ஊசி போட்டும் மரத்துப் போகாமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பல் நிறத்தில் அடைக்கப்படும் கலவைப் பிசின் தனி உறுப்புப் பலபடியாக்கத்தால் இறுகுகின்றது. இதன் அடிப்படையான பிஸ்-ஜிஎம்ஏ என்ற சேர்மத்தை ரஃபேல் பவன் உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1962-இல் வழங்கப்பட்டது. நீல ஒளி பட்டதும் காம்பர்குயினோன் தனி உறுப்புகளை உருவாக்க உதவி, இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியாக இணையத் தொடங்குகின்றன. பல்வலிக்குக் கிராம்பு வைக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் அறியப்பட்டதே. அக்கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் ஒரு பீனால்; அது தன் ஐதரசனைத் தனி உறுப்புக்குக் கொடுத்துச் சங்கிலியை நிறுத்திவிடும். யூஜெனால் கலந்த தற்காலிகச் சிமெண்ட் வைத்த பல்லில் உடனடியாகக் கலவைப் பிசின் அடைப்பதைப் பல் மருத்துவர்கள் தவிர்ப்பது இதனாலாகும்.

பிற நாடுகளில்

கனடாவில் நடைபெறும் இதே பெயருடைய தேர்வின் அறிவியல் பகுதியில் உயிரியலும் பொது வேதியியலும் மட்டுமே உள்ளன. கரிம வேதியியல் இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் பல் மருத்துவத்துக்கு எழுதப்படும் யூகேட் தேர்வில் வேதியியல் கேட்கப்படுவதில்லை. இலங்கையில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. உயர்தரப் பரீட்சையின் உயிரியல் பிரிவில் பெறும் இசட் புள்ளியின்படி அனுமதி வழங்கப்படுகின்றது. இந்தியாவில் பி.டி.எஸ் படிப்புக்கு நீட் தேர்வு எழுத வேண்டும். 2025-இல் அதன் 180 வினாக்களுள் 45 வேதியியலுக்கு உரியவை. கரிம வேதியியல் அதன் ஒரு கூறாக அமைகின்றது. நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படுவதால், அமெரிக்கத் தேர்வுக்குப் பொருந்தும் "எதையும் விடாமல் விடையளித்தல்" என்ற உத்தி இங்கு அப்படியே பொருந்தாது.

இந்தியாவிலோ இலங்கையிலோ பல் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் அப்பணியைத் தொடர விரும்புவோர் பொதுவாக டிஏடி தேர்வை எழுதுவதில்லை. அவர்களுக்கெனக் கல்லூரிகள் நடத்தும் மேல்நிலைச் சேர்க்கைத் திட்டங்கள் தனியே உள்ளன. அவற்றுள் பல ஒருங்கிணைந்த தேசியப் பல் மருத்துவக் குழுத் தேர்வை (ஐஎன்பிடிஇ) கோருகின்றன.